அத்தையின் பென்ஷனும் பேச்சிமுத்துவின் கையெழுத்தும்

பம்பாய் மாதுங்காவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் சனிக்கிழமை சாயங்காலங்களில் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏழெட்டுப் பேர், அத்தனை பேரும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள். கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் கத்திக் கத்திப் பழகிய தொண்டைகளாதலால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் காபிக்குச் சர்க்கரை போதும் என்று சொல்வதைக்கூட அதே குரலில்தான் சொல்வார்கள். கீழ்வீட்டு மராத்தி அம்மாள் முதல் தடவை ஏதோ அடிதடி என்று நினைத்து மேலே ஓடி வந்துவிட்டாள். சண்டையெல்லாம் இல்லை, பென்ஷன் கூட்டம் என்று அம்மா அரைகுறை இந்தியில் அவளுக்கு விளக்கி அனுப்பினாள்.

கூட்டத்தை எங்கள் வீட்டில் கூட்டியவள் அத்தை, அப்பாவின் மூத்த அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பாலக்காட்டிலிருந்து பம்பாயில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு வந்து, ஆசிரியைப் பயிற்சி முடித்து, தன் சம்பளத்தில் என் அப்பாவையும் படிக்க வைத்தவள். ஓய்வு பெற்ற பிறகு எங்களோடுதான் இருந்தாள். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அக்காவுக்குச் சோறு போடுவதை அவர் ஒருநாளும் பாரமாக நினைத்ததில்லை. ஆனால் அத்தைக்கு அது போதவில்லை. "தம்பி போடற சோறு தம்பியோடது. நான் சம்பாதிச்ச சோறு வேற" என்பாள்.

அந்தச் சோற்றுக்குத்தான் வழக்கு. பென்ஷனுக்கு இத்தனை வருஷ "சர்வீஸ்" வேண்டும் என்று விதி. அத்தையின் கணக்கில் நான்கு வருஷம் குறைந்தது. அந்த நான்கு வருஷமும் அவள் தாராவியில், தோல் வியாபாரிகள் சிலர் தகரக் கொட்டகையில் நடத்திய தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்தவை. பிறகு அந்தப் பள்ளியை வேறொரு பெரிய பள்ளி எடுத்துக்கொண்டது. பழைய ரிஜிஸ்தர்களை ஒரு மழைக்காலம் எடுத்துக்கொண்டது. அவளைப் போலவே தாராவிக் கொட்டகையில் தொடங்கியவர்கள் கூட்டத்தில் இன்னும் சிலர் இருந்தார்கள். அத்தைக்குக் கிடைத்தால் அவர்களுக்கும் கிடைக்கும், இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை என்பதால் அவளுடைய மனுவைத்தான் முதலில் அனுப்பியிருந்தார்கள்.

கூட்டத்தின் தலைவர் ராமபத்ரன் சார், பழைய தலைமை ஆசிரியர். கூட்டம் தொடங்குமுன் வருகைப் பதிவு எடுப்பார். நரைத்த தலைகள் ஒவ்வொன்றாக "உள்ளேன் ஐயா" சொல்லும். தாமதமாக வருபவர்கள் நிஜமாகவே வாசலில் நின்று அனுமதி கேட்டுத்தான் உள்ளே வருவார்கள். எனக்கு அப்போது பத்து வயது. பெரியவர்களும் இப்படித்தான் என்று தெரிந்தபோது பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கிருந்த பயம் பாதி போய்விட்டது.

அறுபதுகளின் நடுவில், ஒரு கோடை விடுமுறைத் தொடக்கத்தில், கல்வி ஆபீஸிலிருந்து பதில் வந்தது. அந்தப் பள்ளியில் அந்த வருஷங்களில் படித்த இரண்டு பேர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்திட்டால் நான்கு வருஷத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அடுத்த மாதக் கடைசிதான் கெடு. ஒருவர் உடனே கிடைத்துவிட்டார். குர்லாவில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுபவர், தபால் அட்டை போட்டதும் ஆபீஸுக்கு வந்து முன்கூட்டியே கையெழுத்திட்டுவிட்டுப் போனார். இன்னொருவரைத் தேடி அத்தை தாராவிச் சந்துகளில் மூன்று நாள் அலைந்தாள். கடைசியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்க்கும் பேச்சிமுத்துவைக் கண்டுபிடித்துக் கையோடு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

நாற்பதை எட்டும் வயது, பெரிய மீசை, நான்கு பிள்ளைகளின் தகப்பன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். அத்தையிடம் இரண்டாம் வகுப்பு வரை படித்தார். அதற்குள் அவருடைய அப்பா வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கா டீச்சர் இம்புட்டு தூரம் அலைஞ்சிய? சொல்லியனுப்பியிருந்தா நானே ஓடியாந்திருப்பம்லா. எங்க வரணும்னு சொல்லுங்க, பெருவெரல உருட்டிட்டு வந்திருதேன்" என்றார்.

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. "கைநாட்டா? உனக்குப் பேர் எழுதத் தெரியுமே, நான் சொல்லிக் குடுத்தேனே!"

"மறந்துபோச்சு டீச்சர். சேட்டு புஸ்தகத்துல எல்லாத்துக்கும் அங்கூட்டா, இந்தப் பெருவெரல்தான்."

ஒருவருக்குத் தன் பெயரே எழுத மறந்துபோகுமா? எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. சோதித்துப் பார்க்க நான் மூன்று நாள் என் பெயரை எங்கும் எழுதாமல் இருந்தேன். நான்காம் நாள் எழுதினால் ஒழுங்காக வந்து தொலைத்தது. முப்பது வருஷம் வேண்டும்போல என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நிஜமாகவே சண்டை. கைநாட்டும் சட்டப்படி செல்லும், பேசாமல் வாங்கிக் கொடுத்துவிடு என்றார் ராமபத்ரன் சார். "நான் நாலு வருஷம் சொல்லிக் குடுத்தேன்னு சாட்சி சொல்ல வரான். வந்து கைநாட்டு வெச்சா, அந்தச் சாட்சியே எனக்கு எதிராப் பேசாதா? இவ என்னத்தைக் கிழிச்சான்னு ஆபீஸ்ல இருக்கறவா சிரிக்க மாட்டாளா?" என்றாள் அத்தை. "உன் ஒருத்தி கேஸ் இல்லை இது. பின்னாடி நிக்கறவா வயத்துல அடிக்காதே" என்று அவர் கத்தினார். கீழ்வீட்டு அம்மாள் இந்தத் தடவை வரவில்லை, வந்திருக்கலாம். அத்தை அசையவில்லை. கெடுவுக்கு இன்னும் நாலு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, நாலு போதும் என்றாள். ஒரு டீச்சரைத் தவிர வேறு யாருக்கும் இப்படியொரு புத்தி போகாது.

நாலு ஞாயிறும் பேச்சிமுத்து வந்தார். எங்கள் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் சிலேட்டில் எழுதினார். மாட்டுத் தோலை மெல்லிசாகச் சீவும் கை, பல்பத்தைப் பிடித்தால் மட்டும் பட் பட்டென்று உடைத்துத் தள்ளியது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி வெடித்த விரல்கள். முதல் ஞாயிறு அம்மா அவருக்குத் தனியாக ஒரு அலுமினியத் தம்ளரில் காபி கொடுத்தாள். அத்தை தன் காபியையும் இன்னொரு அலுமினியத் தம்ளரில் ஊற்றிக் குடித்தாள். அடுத்த ஞாயிறு இரண்டு பேருக்கும் வெள்ளித் தம்ளர் வந்தது. அம்மாவுக்கு ரோஷம் அதிகம்.

மூன்றாவது ஞாயிறு அவர் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, "விட்டுருங்க டீச்சர், இது நமக்கு வராது. ஒங்க பென்சன் நம்மளால கெட்டுப்போயிரும்" என்றார். கண் கலங்கியிருந்தது. அத்தை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என் பென்ஷனை நான் பார்த்துக்கறேன். நீ எழுது" என்றாள். அவ்வளவு மெதுவான குரல் அவளிடம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். நாலாவது ஞாயிறு பேச்சிமுத்து என்ற பெயர் சிலேட்டில் முழுசாக, சற்றுச் சாய்ந்து, நின்றது.

கெடுவின் கடைசி நாள் கூட்டத்தார் எல்லோருமாக ஆபீஸுக்குப் போனோம். அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன். பேச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா வாக்குமூலத்தை நீட்டினார். பேச்சிமுத்து குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எழுதி முடித்தார். குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. "யே க்யா ஹை? படிக்க வரவில்லை" என்று இந்தியில் சொல்லிவிட்டு, மைப்பெட்டியைத் தள்ளினார். "அங்கூட்டா லகாவ்."

 ஆபீஸ் மூட அரை மணிதான் இருந்தது. ராமபத்ரன் சார் அத்தையைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அத்தை சுவரோரம் நின்றிருந்த மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "வெச்சுடு பேச்சிமுத்து" என்றாள். அத்தை தோற்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பேச்சிமுத்து கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "மாட்டேன் டீச்சர். நாலு வாரம் இதுக்கா எழுதுனேன்?" என்றார். பிறகு குமாஸ்தாவிடம் திரும்பி, "சாப், யே மேரா நாம் ஹை. ஃபிர் லிக்தா, தேக்கோ" என்று, அது தன் பெயர்தான் என்று காட்ட, மேஜைமேல் கிடந்த வெறும் காகிதத்தை இழுத்து எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஏழு தடவை எழுதினார். ஏழும் ஒரே மாதிரி, ஒரே சாய்வு. குமாஸ்தா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே அதிகாரியிடம் போனார். வெளியே வரும்போது வாக்குமூலத்தில் முத்திரை விழுந்திருந்தது.

அத்தைக்குப் பென்ஷன் வர இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. மற்றவர்களுக்கு ஒவ்வொருவராக வந்தது. இருவருக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு வந்தது. முதல் பென்ஷன் வந்த அன்று அத்தை அரிசி வாங்கி வந்து தானே வடித்து எங்களுக்குப் போட்டாள். சாதாரணச் சாதம், ரசம். அவள் அழுதுகொண்டே பரிமாறினாள், நாங்கள் பார்க்காததுபோல் சாப்பிட்டோம்.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை, தாராவியின் தோல் தொட்டிகளும் இல்லை. "உள்ளேன் ஐயா" சொன்ன குரல்களில் ஒன்றுகூட இல்லை. என் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். எழுதியதைக் காட்டினால் அந்தக் குமாஸ்தாவைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நானும் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செம்பூரில் ஒரு வங்கியில் எனக்குப் பென்ஷன். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு முறை அங்கே போய் நிரூபிக்க வேண்டும். போன தடவை கவுண்டரில் இருந்த பெண் ஒரு சின்ன மிஷினை என் பக்கம் திருப்பி, "ஆன்ட்டி, அங்கூட்டா" என்றாள். கையெழுத்துப் போடுகிறேனே என்று கேட்டேன். அதெல்லாம் இப்போது கிடையாது, விரல்தான் என்று சிரித்தாள். என் ரேகை தேய்ந்திருந்ததால் மிஷின் இரண்டு தடவை என்னை ஏற்கவில்லை. அந்தப் பெண் என் கட்டைவிரலை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. வெட்கமாக இருந்தது; பேச்சிமுத்துவைப் போல் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. மூன்றாம் தடவையும் நீட்டினேன்.