புகார் அக்கா போட்ட மாத்திரை டப்பா

மாத்திரை டப்பா செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாகப் போன் எடுக்கும் அந்த அம்மாளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் புகார் அக்காதான். கை நடுங்குபவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், எல்லோருடைய திட்டும் அவர் காதில்தான் விழும். "மூடி திறக்க மாட்டேங்குதாம்" என்று போய்ச் சொன்னால், டிசைனர் தலையைத் தூக்காமல், "வரைஞ்சு காட்டுங்கக்கா" என்பார். அக்காவுக்கு நேர்கோடே வராது. பதினோரு வருடப் புகாரும் கிணற்றில் போட்ட கல்தான்.

சொன்னதைப் படமாக்கித் தரும் ஏஐ போனுக்குள் வந்ததும் அக்கா விடவில்லை. மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் தட்டித் தட்டி, ஒரு கையால் திறக்கும் டப்பா ஒன்றை வரவழைத்தார். நேராக மேனேஜருக்கே அனுப்பினார்.

மீட்டிங்கில் மேனேஜர் சொக்கிப் போனார். "பிரமாதம்! இன்னைக்கே அச்சு வெட்டச் சொல்லிடறேன்." பிளாஸ்டிக் வார்க்கும் அச்சை ஒரு முறை வெட்டிவிட்டால் ஐந்து வருடத்துக்கு அதே டப்பாதான். டிசைனர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது; வாயை மட்டும் திறக்கவில்லை.

பெரிய திரையில் பார்த்தபோதுதான் அக்காவுக்குத் திக்கென்றது. படத்தில் டப்பாவைத் திறந்த கை நடுக்கமில்லாத நல்ல கை. மூடியோ கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"இது வேணாம் சார்."

"நீங்க போட்டதுதானே?"

"நான் போட்டதுதான். பாக்க அழகா இருக்கு. திறக்க முடியாது."

டிசைனர் மெல்ல, "ஆமா சார், விரல் மாட்ட இடமே இல்ல" என்றார்.

"தெரிஞ்சுமா தம்பி சும்மா இருந்தீங்க?"

"உங்க படம்தானேன்னு விட்டுட்டேன்கா."

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டுவதற்குப் பதில், மனப்பாடமாகத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"டப்பாவ எப்படிம்மா திறக்கறீங்க?"

"பல்லாலதான். வலது கைதான் வராதே எனக்கு."

டிசைனர் போன் பக்கம் குனிந்தார். "கடிக்கும்போது மூடி எந்தப் பக்கம்மா வழுக்குது?" வாடிக்கையாளர் ஒருவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"நீங்க யாரு?"

"டப்பாவ டிசைன் பண்றவன்மா."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"வெச்சிராதீங்க தம்பி. உங்ககிட்ட பேசத்தான் மூணு வருஷமா போன் பண்ணிட்டு இருக்கேன்."