ஸ்கேல் அண்ணனின் இடது முட்டி

என் அக்கா வீட்டுக்காரரை, அதாவது என் அத்தானை, வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் 'ஸ்கேல் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் ஸ்கேல் மாதிரி நிமிர்ந்து நிற்பவர் இல்லை. யாராவது குரலை உயர்த்தினால் பக்கத்தில் இருக்கும் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும் ரகம். அந்தப் பெயர் அவருடைய நடையால் வந்தது. ஒரு மனுஷனுக்கு நடையால் பெயர் வரலாம், நடையால் சோறு கூட வரலாம். ஆனால் நடையே கழுத்துக்குக் கயிறாக வந்ததை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

மருத்துவக் கல்லூரியின் கீழ்த்தளத்தில், மனிதர்கள் நடப்பதை அளக்கிற கூடம் ஒன்று இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கருப்புத் திரை. கூரை ஓரமாகச் சுற்றிலும் கேமராக்கள், ஒவ்வொன்றின் வாயைச் சுற்றியும் சிவப்பு விளக்கு வளையம். நடக்க வருகிறவர்களுக்கு இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று எலும்பு துருத்துகிற இடத்திலெல்லாம் கோலிக்குண்டு அளவில் பளபளக்கும் உருண்டைகளை ஒட்டுவார்கள். கேமராவுக்கு முகம் வேண்டாம், உடம்பு வேண்டாம், அந்த உருண்டைகள் போதும். அவற்றை இணைத்துக் கம்ப்யூட்டரில் ஒரு குச்சி மனிதன் நடப்பான். எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று டிகிரி கணக்கில் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மேலே இருக்கும் எலும்பு டாக்டர் கத்தி வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

அத்தான் அங்கே உதவியாளர். தரையைத் துடைப்பார், உருண்டைகளைத் துடைத்து வரிசையாக வைப்பார், வருகிறவர்களிடம் வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார். மின்னுகிறதையெல்லாம் கேமரா உருண்டை என்று எண்ணிக்கொள்ளும். ஒருமுறை ஒருவர் சிரித்தபோதெல்லாம் குச்சி மனிதனுக்குத் தலைப்பக்கம் புதிதாக ஒரு மூட்டு முளைத்ததாம். பார்த்தால் தங்கப்பல். "வாய மூடிட்டு நடங்க சார்" என்று சொல்ல அத்தானுக்கு அரை நாள் தைரியம் தேவைப்பட்டதாம்.

அவரைத் தினக்கூலிக்குத்தான் எடுத்தார்கள். சேர்ந்த புதிதில், நோய் நொடி இல்லாத ஒருவரை நடக்கவைத்துப் பார்க்க வேண்டுமென்று கூடத்தின் தலைவரான பேராசிரியர் சொல்லியிருக்கிறார். கையில் துடைப்பத்தோடு நின்றவர் அத்தான்தான். நடந்தார். கோடு நூல் பிடித்த மாதிரி விழுந்தது. மறுநாளும் அதே கோடு, மறுமாதமும் அதே கோடு. அன்றிலிருந்து கேமராவைத் துடைத்தாலும் நகர்த்தினாலும் முதலில் அத்தான் நடப்பார். அவர் கோடு பழைய கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்தால் மெஷின் சரி. தராசைச் சோதிக்கப் படிக்கல் வைப்பது போல. அப்படித்தான் அவர் 'ஸ்கேல் அண்ணன்' ஆனார். மற்ற தினக்கூலிகளை வீட்டுக்கு அனுப்பியபோதும் பேராசிரியர் இவரை மட்டும் நிரந்தரமாக்கிக்கொண்டார்.

"ஊர்ல எல்லாரும் நடக்கத்தான் செய்றாங்க. நீங்க என்னமோ பறக்கற மாதிரி பேசிக்கறீங்க" என்று அக்கா கிண்டல் செய்வாள். ஆனால் அத்தானுக்கு அது பெருமைதான். படிப்பு வரவில்லை, சம்பாத்தியம் சுமார், பேச்சும் வராது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவரிடம் "நீ ரொம்பச் சரியா இருக்கய்யா" என்று சொன்னது அந்தக் கூடத்தில்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மேலே இருந்த கேமராவைத் துடைக்க ஏணியில் ஏறியவர் இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டார். இடது முட்டிக்குள் ஏதோ 'சடக்' என்றது. யாரிடமும் சொல்லவில்லை. வீக்கம் வடிந்தது, ஆனால் முட்டி அதற்குப் பிறகு முழுசாக நீளவே இல்லை. நீட்ட நீட்ட, ஓர் இடத்தில் வந்து தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி நின்றுவிடும். டாக்டரிடம் காட்டினால் கூடத்துக்குத் தெரிந்துவிடும். கோணலான ஸ்கேலை யார் வைத்துக்கொள்வார்கள்?

அதனால் மனுஷன் தன் பழைய நடையைத் தானே நடித்துக் காட்ட ஆரம்பித்தார். வலியை விழுங்கிக்கொண்டு, அதே வேகம், அதே கைவீச்சு. அவ்வளவு நுணுக்கம் போதாத பழைய கேமராக்களும் ஏமாந்தன. கூடத்தில் அப்படி, தாழ்வாரத்தில் அப்படி, வீட்டில் மூன்று மாடி ஏறும்போதும் அப்படி. கழிவறைக் கதவைச் சாத்திய பிறகுதான் காலை அதன் இஷ்டத்துக்கு விடுவாராம். அங்கே போனால் வர நேரமாகிறது என்று எங்கள் வீட்டில் நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமில்லை. அக்கா மட்டும் ஒருநாள் அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் போட்டாள்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாக்கறீங்க. ஒரு செருப்பு மட்டும் ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?"

"ரோடு சரியில்ல."

"ரோடு ஒரு காலுக்கு மட்டும் சரியில்லையா?"

அவர் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு வந்தார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு பேரும் அதே வீட்டில் அதைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் கூடத்துக்குப் புது கேமராக்கள் வந்தன. வழக்கம்போல முதலில் அத்தான் நடந்தார். வேகத்தை நடிக்கலாம், கைவீச்சை நடிக்கலாம், நீளாத முட்டியை எப்படி நீட்டுவது? அசையாமல் நின்றபோதே இடது முட்டி எட்டு டிகிரி மடங்கியிருப்பதாகப் புது மெஷின் சொல்லிவிட்டது.

"கேமரா கரெக்டாத்தான் சார் இருக்கு. இவர் முட்டிதான் மடங்கி நிக்குது" என்றார் கேமரா கம்பெனி இன்ஜினியர்.

பேராசிரியர் சிரித்தாராம். "இவர் கோடு எத்தனை வருஷமா மாறாம இருக்கு தெரியுமா? உங்க மெஷின் நேத்து வந்துச்சு. ஏம்ப்பா, கால்ல வலி கிலி ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க சார்."

அந்த ஒரு வார்த்தைதான். இடது பக்கக் கேமராக்களில்தான் பிழை என்று முடிவாயிற்று. இனி யார் வந்தாலும் இடது முட்டியில் எட்டு டிகிரியைக் கழித்துக்கொள்ளும்படி கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார்கள். கழித்த பிறகு அத்தானின் புதுக் கோடு பழைய கோட்டின் மேல் அச்சு அசலாக உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்களாம். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். இங்கே குதிரை நொண்டியதற்குத் தரையைச் சாக்குச் சொல்லி, தரையையே மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் பட்டது நரகம். வருகிற ஒவ்வொருவர் காலிலும் உருண்டையை ஒட்டுவது அவர் கை. ஒவ்வொரு இடது காலும் எட்டு டிகிரி பொய்யோடு மேலே போவது அவருக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் தூக்கம் போகும். இருதலைக்கொள்ளி எறும்பாக அந்தக் கருப்புத் திரைகளுக்கு நடுவே, அத்தனை கேமராவும் பார்த்துக்கொண்டிருக்க, நேராக நடந்துகொண்டிருந்தார். கெட்டது ஒன்றும் நடந்துவிடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாராம்.

நடந்தது. துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். கடை மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவளுக்கு இடது முட்டி நீளவில்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று நம்பி வந்திருந்தாள். பதினைந்து டிகிரி மடங்கிய முட்டி மெஷினில் ஏழாக வந்தது. பத்துக்குக் கீழே என்றால் பயிற்சி போதும் என்பது எலும்பு டாக்டரின் கணக்கு. அவளை அனுப்பிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். மறுபடி அளக்க வேண்டுமென்று பேராசிரியரிடம் கெஞ்சினாள். "மெஷின்ல தப்பே வராதும்மா, நாங்க வாராவாரம் ஆள வெச்சு செக் பண்றோம்" என்று அவர் சொல்லிவிட்டார். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள், அந்தப் பக்கம் போன அத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, முன்னாடியாவது வீட்டுல 'பாவம், கால் வலி'ன்னாங்க. இப்ப மெஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சாம், நான் நடிக்கறேனாம். கடையில எனக்குப் போட்டிருந்த ஸ்டூல எடுத்துட்டாங்க. என் பொண்ணு என்ன மாதிரியே நொண்டிக் காட்டிச் சிரிக்கறா. நீங்கதானே உருண்டை ஒட்டுனீங்க, நீங்களே சொல்லுங்க. நான் நடிக்கறேனா?"

"இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தான் நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனார். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போய்ப் பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, "சார், அன்னைக்கு வலி இல்லன்னு நான் சொன்னது பொய்" என்றார்.

பேராசிரியர் முட்டியை அழுத்திப் பார்த்தார். அது நீளவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்லைங்க சார்."

"தெரியவும் வேண்டாம். இத்தனை மாசம் வந்தவங்களோட இடது காலெல்லாம் தப்புன்னு நான் போய்ச் சொல்ல முடியுமா? இந்த அளவெல்லாம் வெச்சுக் கட்டுரை வேற அனுப்பியாச்சு. கழிக்கற எட்ட மாசம் ஒரு டிகிரியாக் கொறச்சுக்கிட்டே வருவோம், யாருக்கும் தெரியாது. நீ வழக்கம்போல நட. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

"வெளிய ஒரு அம்மா உக்காந்திருக்காங்க சார்."

"பயிற்சி செய்யட்டும். அதனால என்ன கெட்டா போயிடும்?"

இதுவரை அத்தான் ஒருவர்தான் கூண்டுக்குள் இருந்தார். இப்போது பேராசிரியரும் உள்ளே வந்து கதவைப் பூட்டிச் சாவியை இவர் கையிலேயே கொடுத்துவிட்டார். இவ்வளவு நாள் பயந்த வேலை போகவில்லை. இனிமேல் போகவே போகாது. அந்த நடையை ரிட்டையர் ஆகும்வரை நடந்துகொண்டே இருக்கலாம். 

அறையிலிருந்து வெளியே வந்தவர் நொண்டிக்கொண்டே பெஞ்சுக்குப் போனார். தாழ்வாரத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார்.  அவள் அவர் முட்டியையே பார்த்தாள்.

"எந்திரிங்க. இத என் வீட்டுல வந்து சொல்லுங்க."

நான் டாக்சி ஓட்டுகிறவன். அத்தான் போன் செய்து "வண்டிய எடுத்துட்டு வா" என்றதும், மனுஷனுக்கு என்னமோ ஏதோ என்று பறந்து போனேன். பின்சீட்டில் இரண்டு பேரும் ஏறி, ஆளுக்கொரு மூலையில், இடது காலைச் சிரமப்பட்டு ஒரே மாதிரி ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள்.

"நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு இந்நேரம் கால் சரியாயிருக்கும்" என்றாள் அவள்.

"ஆமாம்மா."

"வீட்டுல கேவலப்பட்டிருக்க மாட்டேன்."

"ஆமாம்மா."

"சும்மா ஆமாம்மா, ஆமாம்மாங்காதீங்க. எரிச்சலா வருது."

என் அத்தானை ஒருத்தி திட்டுகிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. நடந்ததை வழியிலேயே அரைகுறையாகப் புரிந்துகொண்டதால் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். சிக்னலில் முன்னால் நின்ற லாரி மீது ஹாரனை அடித்துக் கோபத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

அவள் வீடு முதல் மாடி. அவள் முன்னால் ஏற, அத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார். பிடித்துவிடலாமென்று நான் கையை நீட்டினேன், வேண்டாமென்றார். கதவைத் திறந்தது அவள் கணவர். உள்ளே பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை பாடப் புத்தகத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தது. வாசலிலிருந்து ஹாலுக்கு மூன்று எட்டு இருக்கும். அத்தான் அந்த மூன்று எட்டைத் தன் சொந்தக் காலால் நடந்தார்.

அவர் வாயே திறக்கவில்லை. அதற்குள் அந்தக் கணவர் பதறிப்போய், இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அடடா, கால் முடியாதவர் மாடி ஏறி வந்திருக்கீங்களே. உக்காருங்க சார், முதல்ல உக்காருங்க."

"இவங்க உக்காரட்டும்."

"அவளா? அவ நின்னே பழகினவ சார். நீங்க உக்காருங்க."

அத்தான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, ஏணியில் தவறியதிலிருந்து ஆரம்பித்தார். பேசத் தெரியாதவர், திக்கித் திணறித்தான் சொன்னார். புது மெஷின், எட்டு டிகிரி, தான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னார். குழந்தை புத்தகத்தை விட்டுவிட்டு அம்மாவின் காலைப் பார்த்தது. கணவர் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்படின்னா இவளுக்கு நிஜமாவே..." என்று இழுத்தார்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மெஷினு சொன்னா நம்புனீங்க. ஊர் பேர் தெரியாத இவர் மூணு எட்டு வெச்சதும் நம்பி நாற்காலி போட்டீங்க. தினம் தினம் நான் சொன்னேனே, அத மட்டும் ஏன் நம்பல?"

அவள் கணவர் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.