எதிர்க் கூடாரத்தில் என் கதிரை

எங்கள் ஊர்க் கல்லூரிகள் இரண்டின் பழைய மாணவர்கள் வருடாவருடம் சிட்னியில், மெரிலேண்ட்ஸ் மைதானத்தில் உதைபந்தாட்டத்தில் மோதுவார்கள். மனைவிமார் கணவனின் கல்லூரிக் கூடாரத்தில் இருப்பதுதான் வழக்கம். நான் படித்ததோ ஆணும் பெண்ணும் படிக்கும் எதிர்க் கல்லூரியில். ஆனாலும் இத்தனை வருடமும் என் கணவருடைய கல்லூரியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோல்ஸ் பரிமாறினேன்.

இந்த முறை என் கல்லூரி கோல் போட்டதும் எழுந்து கத்திவிட்டேன். கூடாரமே திரும்பிப் பார்த்தது.

"இரும், ஆக்கள் பாக்கினம்," என்றார் கணவர்.

நான் இருக்கவில்லை. மடிப்புக் கதிரையைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கூடாரத்துக்கு நடந்தேன். அங்கே கொடி பிடித்து நின்றவர் என் நீலச் சட்டையைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் ஆரின்ர மனிசி?"

கணவரின் பெயர் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நான் ஆரின்ர மனிசியாயும் இங்க வரேல்லை அண்ணை. இந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சனான்."

அவர் விலகி இடம் விட்டார்.

கடைசியில் நாங்கள் தோற்றோம். காரில் கணவர் கேட்டார், "அடுத்த வருஷமும் அங்கதான் இருப்பீரோ?"

"ஓம்."

அவர்களுடைய எத்தனையோ வெற்றிகளுக்குக் கை தட்டியிருக்கிறேன். இந்தத் தோல்வி என்னுடையது. அதை ஒருவருக்கும் விட்டுத்தர மாட்டேன்.