சுண்ணாம்பில் வெந்த கண்ணுக்கு மாதா காட்டிய இரக்கம்

என் இடது கண் செத்துப்போன கண். வலது கண்ணில் பாதிதான் மிச்சம். இதை வைத்துக்கொண்டு மாதாவுக்குச் சாட்சி சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் கேட்டேன்.

1958ஆம் வருஷம், கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயம். புதுச்சேரி முழுக்க வெள்ளையடிப்பு. நெல்லித்தோப்பிலிருந்து நானும் என் வீட்டுக்காரரின் அக்கா சவரியம்மாளும் சுண்ணாம்பு வேலைக்குப் போவோம். எனக்கு அண்ணி முறை; விதவை, எங்களோடு இருந்தார். ஒரே அடுப்பில் சமைத்தோம், பேச்சு கிடையாது. என் கல்யாணத்தில் தொடங்கிய மனஸ்தாபம்.

அன்று ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டு மதிலுக்காகக் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பட்டுக் கொதித்தது திடீரென்று முகத்தில் தெறித்தது. இரண்டு கண்ணிலும் நெருப்பு.

“தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் வேகும்!” என்று கூட இருந்தவர்கள் கத்தினார்கள். அண்ணி யார் பேச்சையும் கேட்கவில்லை. என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் வாளி வாளியாக ஊற்றினார். வலது கண்ணை விரலால் பிரித்துப் பிடித்தார். இடது கண்ணை என்னால் திறக்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையைப் புரட்டி, ஒட்டியிருந்த துணுக்குகளைத் துடைத்தெடுத்தார். சொட்டு மருந்து, களிம்பு, கட்டு. பிறகு சொன்னார்: “கருவிழி கண்ணாடியாட்டம் தெளிவா இருக்கணும்மா. இடது வெந்து வெளுத்துப்போச்சு. வலது, தண்ணி ஊத்தினதால கொஞ்சம் தப்பிச்சிருக்கு. அதுவும் எவ்ளோ நிக்கும்னு சொல்ல முடியாது.”

“மதராஸ்ல வேற கண்ணு வெக்கிறாங்களாமே?” என்று அண்ணி கேட்டார்.

“செத்தவங்க கருவிழிய எடுத்து ஒட்டுறாங்க. சுண்ணாம்புல வெந்த கண்ணுல அது பிடிக்காதும்மா.”

அதோடு என் நம்பிக்கை போயிற்று. வீட்டுக்காரர் கட்டில் ஓரமாகச் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார். பிறகு வருவதும் குறைந்தது. அண்ணி ஜெபமாலையைக் கையில் வைத்தால் தள்ளிவிடுவேன். “கண் வேண்டாம் தாயே, சாவைக் கொடு” என்பது மட்டுமே என் ஜெபம்.

இமை கண்ணோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, களிம்பு தடவிய கண்ணாடிக் குச்சியை இமைக்கு அடியில் தினமும் ஓட்ட வேண்டும். நர்ஸிடம் கற்றுக்கொண்டு அண்ணியே அதைச் செய்தார். உயிர் போகும் வலி. வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டுவேன். அவர் மாதாவின் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டே குச்சியை நகர்த்துவார்.

ஒருநாள் என் கன்னத்தில் சூடாக ஏதோ விழுந்தது.

“அழுவுறீங்களா, அண்ணி?”

“இல்ல ரோசாலி. மருந்து சிந்திட்டுது.”

மருந்து சூடாக இருக்காது. அன்றுதான் வேறொன்று கேட்டேன். “மாதாவே, இவங்க முகத்தை ஒரு தரம் காட்டு. அப்புறம் உன் இஷ்டம்.”

பல நாள் பதில் இல்லை. இடது இமை எவ்வளவு செய்தும் ஒட்டிக்கொண்டது. கேட்டதை நானே மறக்கத் தொடங்கியிருந்தேன். ஒருநாள் காலையில் கண் கட்டைப் பிரித்தபோது, வலது கண்ணின் வெள்ளை மூட்டத்துக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது.

“அண்ணி, அது உங்க கையா?”

அவர் குனிந்தார். முகத்தை என் முகத்தருகே கொண்டுவந்தார். மூக்கு தெரிந்தது. அழுது வீங்கிய கண் தெரிந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம்.

இது நடந்து நான்கு வருஷமாகிறது. வலது கண்ணில் மூட்டம் மறுபடி கூடிக்கொண்டு வருகிறது. அரிசியில் கல் பொறுக்க முடியாது. ஒருநாள் எல்லாமே மறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாதாவுக்கு ஆயிரம் தோத்திரம்! நான் கேட்ட முகத்தை எனக்குக் காட்டினாள்.

ஜெபிக்க வாய் வராமல் கிடக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்காக வேறு யாராவது ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களை விரட்டிவிடாதீர்கள். ஞாயிறுதோறும் அண்ணி என் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப்போகிறார். பீடத்து மெழுகுவர்த்தி எனக்கு மஞ்சள் கறையாகத்தான் தெரிகிறது. எந்தப் பக்கம் பார்த்து மண்டியிட வேண்டும் என்று அறிய, அது போதும்.