அமிலம் ஏறினால்தான் கட்டில்

மலேரியா வார்டில் ரத்தம் எடுக்கிறவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சலில் ஒளிந்துகொண்ட நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். மேல்கையில் ரப்பரை இறுக்கிக் கட்டி, "கையை மூடு, தெற, மூடு, தெற" என்பாள். நரம்பு எழும்பிவிடும்.

வார்டுக்கு ஓர் ஆராய்ச்சி வந்ததும் அந்தப் பழக்கத்துக்குத் தடை வந்தது. மலேரியா முற்றும்போது ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது. அது ஏறியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அவர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சியின் நோக்கம். கையை மூடித் திறந்தாலோ, தசையிலிருந்தும் அதே அமிலம் ரத்தத்தில் கலந்து கணக்கைப் பொய்யாக்கிவிடும்.

ஆஸ்பத்திரி மேலிடத்துக்கு இந்த ஆராய்ச்சி வேறு காரணத்துக்காகப் பிடித்துப்போயிற்று. கண்காணிப்பு அறையில் நான்கே கட்டில்கள். ஐந்தாவது வாங்க மனமில்லாதவர்கள் கையில் அமில அளவு என்று ஓர் எண் கிடைத்தது. அதற்கு ஒரு கோடு கிழித்தார்கள். எண் கோட்டைத் தாண்டினால் கட்டில், தாண்டாவிட்டால் வராந்தா. உயிரைக் காக்க வந்த அறிவியலை வாசலில் நிறுத்தி ஆளை விரட்டவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் அவளுடைய தங்கையைக் கணவன் தூக்கிக்கொண்டு வந்தான். கை கொதித்தது, நரம்பு அகப்படவில்லை. பதற்றத்தில் பழைய வாய் முந்திக்கொண்டது: "மூடு, தெற, மூடு, தெற." எண் கோட்டைத் தாண்டியது. கடைசிக் கட்டில் தங்கைக்குப் போயிற்று.

கையைக் கழுவும்போதுதான் தான் செய்த தப்பு அவளுக்கு உறைத்தது. வராந்தாவில் ஒரு பெயின்டர் மூச்சிரைத்துக் கிடந்தான். எண் தாண்டியும் அவனுக்குக் கட்டில் இல்லை.

டாக்டரிடம் போனாள். "தங்கச்சி ரத்தம் தப்பு சார். கையை மூடித் தெறக்கச் சொல்லிட்டேன்."

தூக்கம் கெட்ட கண்களை டாக்டர் தேய்த்துக்கொண்டார். "நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா."

"எனக்குத் தெரியுமே சார்."

மறுபடி எடுத்தார்கள். கோட்டுக்குக் கீழே. பெயின்டர் கட்டிலுக்குப் போனான், தங்கை வராந்தாப் பாய்க்கு வந்தாள்.

"எவனோ ஒருத்தனுக்காகக் கூடப் பொறந்தவளத் தரையில போட்டுட்டீங்களேக்கா! போங்க, உங்களுக்குச் சிலை வைப்பாங்க" என்று தங்கை கணவன் கத்தினான்.

தங்கை கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "நீ எனக்கு அக்காவா, அந்த அமிலத்துக்கு அக்காவா?"

"முதல்ல மாத்திரைய முழுங்குடி. என்னைத் திட்டவாவது தெம்பு வேணாமா?"

வேலை முடிந்தும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பாயோரம் உட்கார்ந்து ஈரத்துணியால் துடைத்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்தாள். யாராவது தாண்டிப் போகும்போது தங்கையின் காலை ஒதுக்கிவிட்டாள். தானே அவளைக் கொன்றுவிடுவோமோ என்ற பயம், காய்ச்சல் இறங்கும்வரை இறங்கவில்லை.

இருவருமே பிழைத்தார்கள். கிளம்புகிற அன்று தங்கை பாயைத் தானே சுருட்டி வைத்தாள். ஊசியக்கா மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினாள்.

"சாப்பிட்டுட்டுப் போடு."

"ம்."

முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அதற்குப் பிறகு அக்கா தங்கைக்குள் பேச்சில்லை. ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. அறையில் இன்றும் நான்குதான்.