மஃரிபுக்கு இரண்டு அறைகள்

வெளிமாநிலத்தில் நாங்கள் இருக்கும் கார்டன் ரீச் குவார்ட்டர்ஸுக்கு எங்கள் மகளைப் பெண் பார்க்க, நியூ டவுனிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தது. பேச்சு கூடிவரும் நேரத்தில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. என் கணவர் கூடத்தில் விரிப்பைப் போட்டு, தொழவைக்க முன்னால் நின்றார். மாப்பிள்ளையும் அவரைப் பெற்ற அத்தாவும் எழவில்லை.

"தப்பா நினைக்காதீங்க, நாங்க தனியாத் தொழுதுக்குறோம். நாங்க அஹ்மதியா ஜமாஅத். தரகர் சொல்லலையா?" என்றார் அத்தா.

அவர்கள் எங்கள் பின்னால் தொழ மாட்டார்கள். எங்கள் ஜமாஅத்தோ, நபிகளுக்குப் பின் வந்த இன்னொருவரையும் நபி என்பவர்கள் என்று அவர்களை முஸ்லிமாகவே ஏற்காது. நிக்காஹ் எப்படி நடக்கும்?

அவர்கள் உள்ளறையில் தொழுதார்கள், இவர் கூடத்தில். டீயை யாரும் தொடவில்லை.

அவர்கள் போனதும் மகள் கேட்டாள்: "ரெண்டு ரூம்லயும் குர்ஆனோட அதே அல்ஹம்து சூராதானே அம்மா ஓதினாங்க?"

இப்போதெல்லாம் வரன் வந்தால், வேலையை விசாரிக்கும் முன்பே எந்த ஜமாஅத் என்று கேட்டுவிடுகிறேன்.