சுண்ணாம்பு பூசிய கன்னிமார்

மேடவாக்கத்தில் எங்கள் நஞ்சையை ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துக்கு விற்றபோது, அப்பா பணத்துக்கு மேல் இரண்டு விஷயம் கேட்டு வாங்கினார். ஒன்று, எனக்கு அங்கே ஒரு சீட். இன்னொன்று, ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று அம்மா உள்ளே வந்து படையல் போட்டுக்கொள்ள அனுமதி. நிலத்தின் மூலையில், வேப்பமரத்தடியில் எங்கள் கன்னிமார் இருந்தார்கள். ஏழு கருங்கல், ஏழிலும் மஞ்சளும் குங்குமமும். கோயில் என்றால் அவ்வளவுதான்.

பள்ளியில் எனக்கு இடம் கிடைத்ததே தவிர மரியாதை கிடைக்கவில்லை. தாம்பரத்திலிருந்து வேனில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு நடுவில், நடந்து வருகிறவள் நான் ஒருத்திதான். வாய் தவறி 'வூடு' என்று சொன்ன நாளிலிருந்து மிஸ் என்னை 'வில்லேஜ் கேர்ள்' என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பட்டத்தை எப்படியாவது உதறிவிட வேண்டும் என்பதுதான் ஐந்தாம் வகுப்பில் என் ஒரே லட்சியம்.

அந்த வருஷம் ஆடி மாதம், இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது என்றார்கள். எங்கள் வகுப்பின் பங்குக்குத் தோட்டப் பாதை. ஓரம் கட்ட ஆளுக்கொரு கல் கொண்டுவந்தோம். வரிசை முடியக் கொஞ்சம் குறைந்தது. மிஸ் முகத்தைச் சுளித்தார். நான் கையைத் தூக்கினேன்.

"மிஸ், இங்கேயே ஏழு கல்லு இருக்கு. எனக்கு இடம் தெரியும்."

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? தேங்காய் நாரால் தேய்த்தோம். மஞ்சள் லேசில் போகவில்லை. விடாமல் தேய்த்தவள் நான்தான். சுண்ணாம்பு அடித்து, மற்ற கற்களோடு கலந்து பாதையோரம் நட்டோம். மிஸ் என் கன்னத்தைத் தட்டி, முதல் தடவையாக என் பெயரைச் சொன்னார். கடைசி வெள்ளி வரப்போகிறது என்பது ஞாபகம் இல்லையா என்றால், இருந்தது. அம்மா வேறு கல் வைத்துக் கும்பிட்டுக்கொள்ளட்டுமே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா பொங்கல் தூக்கோடு வந்தாள். மரத்தடியில் ஏழு குழிதான் இருந்தது. பாதையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எங்கள் வகுப்பைப் பார்த்து நேரே வந்தாள்.

"நம்ம சாமி எங்கடி?"

நான் பாதையோரத்தைக் காட்டினேன். நாற்பது வெள்ளைக் கற்கள். அம்மா தூக்கைக் கீழே வைத்தாள்.

"இதுல எதுடி நம்முது? காட்டு."

பார்த்தேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை, குனிந்தபடியே நடந்து, நாற்பதுக்கும் மஞ்சள் வைத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவள் கேட்டைத் தாண்டியதும் மிஸ் சுண்ணாம்பு வாளியை என் கையில் கொடுத்தார். திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். நாற்பதையும் மறுபடி வெள்ளையாக்கினேன்.

அடுத்த வருஷம் ஆடிக் கடைசி வெள்ளியில் அம்மா வரவில்லை. கேட்டில் நின்ற வாட்ச்மேன், "இன்னாம்மா, அம்மா இந்த வாட்டி வர்லியா?" என்று கேட்டார். ஒருவழியாக அம்மாவுக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் நிம்மதியாக வகுப்புக்குப் போனேன்.